ட்ரூயிட் வேற, ரேஞ்சர் வேற

ஏங்க, அப்படி ஒதுங்கி உக்காராதீங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க, பஸ் இன்னும் குளித்தலையே தாண்டல. நான் போன்ல பேசினது உங்க காதுல விழுந்திருக்கும். "கரடியா மாறினது என் இஷ்டம், அதுல நீ தலையிடாத"ன்னு சொன்னேன். விழுந்ததுல தப்பில்ல. நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன். முப்பது வருஷம் கூட்டுறவு பேங்க் கவுண்டர்ல கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பேசின தொண்டை. புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தைராய்டுக்கு ஒரு மாத்திரை, அதைத் தவிர எனக்கு ஒண்ணும் கிடையாது.

போன்ல இருந்தது என் பையன் செழியன். கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அவன் வீட்டுக்குத்தான் போறேன். கரடிங்கறது ஒரு விளையாட்டுல வர்றது. சொன்னா புரியும், கஷ்டமே இல்ல. நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுத்தி உக்காந்துக்கணும். அதுல ஒருத்தர் கதையை நடத்துவார், அவருக்கு கேம் மாஸ்டர்னு பேரு. காடு, மழை, ஊர்க்காரங்க, கெட்டவன் எல்லாம் அவர் வாய்ல இருந்துதான் வரும். மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். நான் இதைச் செய்யறேன், நான் அங்க போறேன்னு வாயால சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். நம்ம தாயக்கட்டை இல்ல, இருபது பக்கம் உள்ள பகடை. பெரிய எண் விழுந்தா நடக்கும், சின்னது விழுந்தா நடக்காது. அவ்வளவுதான்.

இந்த வயசுல இதெல்லாமான்னு நீங்க நினைக்கறது முகத்துல தெரியுது. நினைங்க. என் நாத்தனார் வாய்விட்டே கேட்டாங்க. "மங்கை, கோயில் குளம்னு போகாம பசங்களோட உக்காந்து என்ன பண்றே?" "மழையை வரவழைக்கறேன் அண்ணி"ன்னேன். அதுக்கப்புறம் அவங்க கேக்கல.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, கொரோனா வந்தப்ப செழியன் திருச்சியில என்னோட வீட்ல இருந்துதான் வேலை பார்த்தான். அதுக்கு முந்தின வருஷம்தான் அவங்கப்பா போயிருந்தார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர்ல கூட்டாளிங்களோட இதை விளையாடுவான், அவன்தான் கேம் மாஸ்டர். ஒருநாள் ஒரு பையன் வரல. "அம்மா, சும்மா வந்து உக்காரு, நான் சொல்றப்ப பகடையை மட்டும் உருட்டு"ன்னான். சும்மா உக்காருன்னா எனக்குப் பிடிக்காது. வராத பையனோட கேரக்டர் என்னன்னு கேட்டேன். ட்ரூயிட்னான். ட்ரூயிட்னா என்னன்னேன். "காட்டு ஆள்"னான். அன்னிக்கே எனக்கு அந்த விளக்கம் போதல. ரூல் புத்தகத்தை வாங்கி நானே படிச்சேன். அந்தப் பையன் அப்புறம் திரும்பி வரவே இல்ல. ட்ரூயிட் என்னுதாயிடுச்சு. நொச்சின்னு பேர் வச்சேன்.

எல்லாம் சரியானப்புறம் கூட்டாளிங்க வீட்டுக்கே வர ஆரம்பிச்சாங்க. முதல் நாளே சொல்லிட்டேன், நான் பஜ்ஜி போட மாட்டேன். ரஹீம்னு ஒருத்தன், திருடன் கேரக்டர், சாப்பாட்டுல குறியா இருப்பான். "ஆண்ட்டி, டீயாவது?"ன்னான். "தெருமுனையில கடை இருக்கு தம்பி, எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வா"ன்னேன். நான் அந்த மேசைக்கு விளையாட வந்தவ. நாலு வருஷம் நொச்சியாவே இருந்தேன். ஆத்துல விஷம் கலந்தவனை நாணல்ல கட்டிப் போட்டிருக்கேன். பருந்தா மாறி மலையைத் தாண்டியிருக்கேன். பேங்க்ல மேனேஜர் பேரை மறந்துட்டேன், அந்த மலைப்பாதை இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்பதான் வான்மதி வந்தா.

செழியனோட கம்பெனியில வேலை பார்க்கற பொண்ணு. ஊர் வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட். அவங்கப்பா அங்க ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவர். இவ திருச்சியில ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்த்தா. ரெண்டு பேரும் விரும்பறாங்கன்னு செழியன் சொன்னான். நான் மறுப்பா ஒண்ணும் சொல்லல. என்ன ஜாதி, என்ன ஜாதகம்னு ஒரு வார்த்தை கேக்கல. என்னை அந்த மாதிரி ஆளுன்னு நினைச்சுடாதீங்க. வரட்டும், கட்டிக்கட்டும்னு அன்னிக்கே சொல்லிட்டேன். என் சண்டை அதுல இல்ல. அதை இப்பவே தெளிவா சொல்லிடறேன், ஏன்னா கேக்கற எல்லாரும் அங்கதான் போறாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வந்து, "இனிமே வான்மதியும் விளையாடுவா"ன்னான். அவ வந்து ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காந்தா. அது நான் உக்கார்ற நாற்காலி. அவளுக்குத் தெரியாது, அதனால நான் எதுவும் சொல்லல. வேற நாற்காலியில உக்காந்தேன், முதுகுக்குக் கொஞ்சம் சிரமமா இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. என்ன கேரக்டர் எடுத்துக்கறேன்னு கேட்டதுக்கு ரேஞ்சர்னா. பேர் செம்போத்து. நல்ல பேருதான், நான் இல்லைன்னு சொல்லல.

ரெண்டு வாரம் போச்சு. மூணாவது வாரம் செழியன் மெதுவா ஆரம்பிச்சான்.

"அம்மா, குழுவுல ரெண்டு காட்டு ஆள் இருந்தா கதை நடத்தறது கஷ்டமா இருக்கு."

"ரெண்டு காட்டு ஆள் யாரு?"

"நீயும் வான்மதியும். ரெண்டும் ஒண்ணுதானம்மா. பச்சைத் துணி, காடு, மிருகம். நீ கிளெரிக் எடுத்துக்கோயேன். நம்ம குழுவுல அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பார்க்க ஆளே இல்ல. உனக்கு நல்லாப் பொருந்தும்."

எனக்குப் பொருந்துமாம். அவங்கப்பா படுத்த படுக்கையா ரெண்டு வருஷம் கெடந்தப்ப யாரு கட்டு மாத்தினது? யாரு மாத்திரை எடுத்துக் கொடுத்தது? செஞ்சேன், மனசாரத்தான் செஞ்சேன். அதுக்காக ஞாயித்துக்கிழமையும் வந்து கற்பனையில கட்டுப் போடணுமா? வைத்தியம் பார்க்க ஆள் வேணும்னா ரஹீமைப் பார்க்கச் சொல்லு, அவன் சும்மாதானே திங்கறான்னேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்"னு சொன்னான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. உங்களுக்கு விளக்கறேன். நீங்களே சொல்லுங்க ஒண்ணா வேறயான்னு.

ரேஞ்சர்னா காட்டைத் தெரிஞ்சவ. எந்த மிருகம் எந்தப் பக்கம் போச்சு, தடம் ஈரமா காஞ்சதா, எந்த இலையைக் கசக்கி வச்சா ரத்தம் நிக்கும், எல்லாம் தெரியும். வில் வச்சிருப்பா. ஆனா அவ மனுஷங்களுக்காக வேலை செய்யறவ. காட்டுக்குள்ள போவா, திரும்ப ஊருக்கு வந்துருவா. ட்ரூயிட் காட்டோட ஆளு. காடுதான் அவளுக்குச் சக்தி கொடுக்குது, அவ காட்டுக்காகப் பேசறா. ரேஞ்சர் கரடியைப் பார்த்துட்டு வந்து சொல்லுவா. ட்ரூயிட் கரடியாவே இருந்துட்டு வந்து சொல்லுவா. இது எப்படிங்க ஒண்ணாகும்?

ரஹீம் ஒரு தடவை கேட்டான், "அப்ப சாமியாடி மாதிரியா ஆண்ட்டி?"ன்னு. அது ஷாமன், அது மூணாவது. ஷாமன் மேல ஆவி வந்து இறங்கும், பேசறது அந்த ஆவி. ட்ரூயிட் மேல யாரும் வந்து இறங்கறதில்ல. பேசறது அவளேதான். செழியன், "சரி, சித்தர் மாதிரின்னு வச்சுக்கோ"ன்னான். சித்தருக்கு எதுவும் வேணாம். ட்ரூயிடுக்குக் காடு வேணும். வேணும்னா தனக்குன்னு இல்ல. எதையும் தன்னோடதுன்னு பிடிச்சு வச்சுக்கக் கூடாது, அதது அதது போக்குல போகட்டும்னு விடணும், அதுதான் ட்ரூயிட். இதைச் சொன்னதும் செழியன் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சான். என்ன சிரிப்புன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல.

மாத்த மாட்டேன்னுட்டேன். அவ வேணா மாத்தட்டும், அவதானே புதுசு. வான்மதி பகடையை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் செழியன் ஏதோ சொல்ல வந்தப்ப, "விடு, ரெண்டு பேரும் இருக்கோம்"னா. பெரிய மனசுன்னு ரஹீம் சொன்னான். எனக்கு அப்படித் தோணல. எனக்கு அவ இடம் கொடுக்கறாளா? என் வீட்ல, என் மேசையில?

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

இதுக்கு அடுத்து வந்த கதையிலதான் எல்லாம் நடந்துச்சு. செழியன் ஒரு ஊரைக் கொண்டு வந்தான். காட்டு ஓரத்துல புதுசா வெட்டித் திருத்தி உண்டாக்கின ஊர். அங்க ஒரு காட்டெருமை வருது. சாதாரண எருமை இல்ல, வீட்டுக் கூரை உயரம். வேலியை உடைக்குது, கேழ்வரகை மேயுது, ரெண்டு பேரை முட்டிக் கொன்னுடுச்சு. ஊர்க்காரங்க நம்ம குழுவைக் கூப்பிட்டு, அதை ஒழிச்சுக் கொடுங்கன்னு கேக்கறாங்க.

நான் எழுந்து நின்னு கேட்டேன். "நீங்க வந்தது அது மேஞ்ச இடம். முதல்ல யார் இருந்தா? நீங்க காலி பண்ணுங்க." செழியன் ஊர்த் தலைவரா பேசறான், "தாயே, பிள்ளைகுட்டியோட எங்க போவோம்?"னு. "வந்த வழியே போங்க"ன்னேன். ஊர்க்காரங்க என் மேல கல்லெறிஞ்சாங்க. பகடை உருட்டினான், நாலு கல் பட்டுச்சு. நொச்சிக்கு நல்ல அடி. அடிச்சா அடிங்கன்னு நின்னேன். சொன்னதை மாத்தல.

அப்ப வான்மதி பேசினா. கதையில இல்ல, நிஜமாவே.

"ஆண்ட்டி, எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்கு யானை வரும். அரிசிக்கும் உப்புக்கும் வரும். நான் ஏழாவது படிக்கறப்ப அடுப்படிச் சுவரை உடைச்சுடுச்சு. நாங்க கட்டிலுக்கு அடியில இருந்தோம். எங்கம்மா என் வாயைப் பொத்தியிருந்தாங்க. எங்களை எங்க காலி பண்ணிப் போகச் சொல்றீங்க?"

நான் கேட்டேன், "அப்ப யானையைச் சுட்டுடணுமா?"

"யாரு சுடச் சொன்னா? எங்கப்பா அது போக வேண்டிய பக்கத்தை விட்டுட்டு, இந்தப் பக்கம் நின்னு தகரத்தைத் தட்டுவாரு. அது திரும்பிப் போயிடும். யானையும் சாகக் கூடாது, எங்கம்மாவும் சாகக் கூடாது. அதுக்குத்தான் ரேஞ்சர்."

நல்ல பேச்சு. நான் ஒத்துக்கறேன். ஆனா அது ரேஞ்சர் பேச்சு. நான் ட்ரூயிட். நான் காட்டுல இருந்து பேசணும். என் காடு எந்தக் காடுன்னு கேப்பீங்க. ஒரு தடவை முதுமலைக்கு வேன்ல போயிருக்கோம். ஒரே ஒரு மான் தெரிஞ்சுச்சு. அவர் வழி பூரா தூங்கிட்டு வந்தார். மத்ததெல்லாம் படிச்சதுதான். அதனால என்ன? விளையாட்டுங்கறதே அதுக்குத்தானே.

அந்தச் சாயங்காலம் முழுக்க வான்மதி தடம் பார்த்தே எருமையைக் கண்டுபிடிச்சா. ஒரு பள்ளத்தாக்கோட வாய்ல நிக்குது. அவ வில்லை எடுத்தா. நான் உடனே, "நான் கரடியா மாறி எருமைக்கு முன்னாடி போய் நிக்கறேன்"னேன்.

"ஆண்ட்டி, தள்ளுங்க," அப்படின்னா. அந்தக் குரல்ல அவ அதுவரைக்கும் என்கிட்ட பேசினதே இல்ல.

"தள்ள மாட்டேன்."

"நான் முன்னாடியே சொல்லிட்டேன், அம்பு விட்டாச்சு."

"விடு."

உருட்டினா. இருபது விழுந்துச்சு. இருபதுன்னா அதுக்கு மேல அடியே இல்ல. அம்பு கரடி மேல பாஞ்சுச்சு. கரடி உருவம் போயி நான் நொச்சியா கீழ விழுந்தேன். ஏற்கனவே கல்லடி பட்ட உடம்பு, உயிர் நிக்கல. நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு வாரம் இருக்கு, வரப்போற மருமக என் மேல அம்பு விட்டுக் கீழ தள்ளிட்டா. ரஹீம் வாய்ல வச்ச சமோசாவைக் கடிக்கல.

அவ எருமையோட கொம்பைக் குறிவைக்கறேன், அது திரும்பிப் பள்ளத்தாக்குக்குள்ள போயிடும்னுதான் சொன்னாளாம். செழியன் அப்படித்தான் சொல்றான். ரஹீமும் சொல்றான். சொல்லியிருப்பா. நான் அப்ப எழுந்துக்கறதுக்கு நாற்காலியைத் தள்ளிட்டு இருந்தேன், அந்தச் சத்தத்துல எல்லாம் காதுல விழுந்துடுமா? விழுந்திருந்தாலும் நான் அங்கதான் நின்னிருப்பேன்.

என் பகடையை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு உள்ள போயிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். நல்ல பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, தாம்பாளம் மாத்தி, அவளுக்கு நானே பூ வச்சேன். அவங்கம்மாவோட உக்காந்து அரைமணி நேரம் பேசினேன். அமைதியான மனுஷி. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா அறைக் கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துடுவேன். செழியன் வந்து கூப்பிடுவான். "கல்யாணத்துக்கு வர்றேன்டா, விளையாட்டுக்கு வர மாட்டேன்"னேன். கெஞ்சினான். ஒருநாள் கோவமாவே கேட்டான், "உனக்கு அவளைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லும்மா, எதுக்கு எருமையைச் சாக்கு வைக்கறே?" எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சுன்னா, அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. ரூலைப் பத்திப் பேசினா மனுஷங்களைப் பத்திப் பேசறேன்னு நினைச்சுக்கறான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு விஷயத்தை அந்த விஷயமாவே பார்க்கத் தெரியல.

மூணு மாசம் அப்படியே போச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் அவங்க பேசறது கேக்கும். சிரிப்புச் சத்தம் மட்டும் கேக்காது. எனக்கென்னன்னு இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். செழியன் ஆபீஸ் போயிருந்தான். பெல் அடிச்சுச்சு. பார்த்தா வான்மதி, தனியா. லீவு போட்டுட்டு வந்திருக்கா. உள்ள வந்து உக்காரல, நின்னுக்கிட்டே சொன்னா.

"ஆண்ட்டி, நான் மன்னிப்புக் கேக்க வரல. அம்பு விட்டது சரிதான்."

"நானும் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. குறுக்க நின்னது சரிதான்."

"சரி. ஆனா நீங்க பாதியில எழுந்து போனது தப்பு."

எனக்குச் சுருக்குன்னுச்சு. என்ன தப்புன்னேன்.

"நொச்சி இன்னும் சாகல. உயிர் நிக்காம விழுந்தா மூணு தடவை தேறணும் இல்லையா? நீங்க உருட்டவே இல்ல. மூணு மாசமா நொச்சி அந்தப் பள்ளத்தாக்கு வாய்ல கெடக்கறா. செழியன் கதையை நகர்த்த மாட்டேங்கறான். ஞாயித்துக்கிழமை வர்றோம், உக்கார்றோம், எழுந்து போறோம். அவளைப் போட்டுட்டு எப்படிப் போறதுன்னு யாருக்கும் தெரியல."

அது ரூல்ல இருக்கு, நிஜம்தான். விழுந்தவங்க உருட்டிக்கிட்டே வரணும். பத்தும் அதுக்கு மேலயும் விழுந்தா பொழைக்கிற பக்கம், குறைஞ்சா சாவுப் பக்கம். எந்தப் பக்கம் முதல்ல மூணு சேருதோ அதுதான் முடிவு. நாலு வருஷமா விளையாடறவளுக்கு அது எப்படி மறந்துச்சுன்னு கேக்காதீங்க. மறந்துச்சு, அவ்வளவுதான்.

அந்த மேசையிலயே உக்காந்தோம். அவ வேற நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டா, ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காரல. நான் பகடையை எடுத்தேன். முதல்ல நாலு. சாவுப் பக்கம். அடுத்தது பதினொண்ணு. அடுத்தது ஏழு.

"நான் பக்கத்துல வந்து காயத்துல பச்சிலை வச்சுக் கட்டறேன்"னா வான்மதி.

"தொடாத. நான் உருட்டிக்கறேன்."

"ஆண்ட்டி, கட்டினா பொழைச்சுக்குவீங்க. என்னால முடியும்."

"வேணாம்னு சொன்னேன்ல? எனக்கு யாரும் கட்டுப் போட வேணாம்."

அவ என்னையே பார்த்துட்டு இருந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் உருட்டினேன். மூணு விழுந்துச்சு. செத்துப் போச்சு நொச்சி.

விளையாட்டுதான். ஆனா நாலு வருஷம்ங்க. செழியனோட அப்பா போன வீட்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அழுதேனான்னு கேட்டா இல்ல. மூக்கு அடைச்சிருந்துச்சு, அந்த வாரம் எனக்கு ஜலதோஷம்.

வான்மதி கேட்டா, "ட்ரூயிட் செத்தா என்ன செய்வாங்க? எரிப்பாங்களா, புதைப்பாங்களா?"

"ரெண்டும் இல்ல. காட்டுக்குள்ள பெரிய மரத்தடியில விட்டுட்டு வந்துடணும்."

"எவ்வளவு தூரம்?"

"மனுஷச் சத்தம் கேக்காத தூரம்."

"சரி. நான் நொச்சியைத் தூக்கித் தோள்ல போட்டுக்கறேன். நடக்கறேன். வழி சொல்லுங்க."

கேம் மாஸ்டர் கிடையாது, பகடை கிடையாது. நான் வழி சொல்லச் சொல்ல அவ நடந்தா. ஓடையைத் தாண்டு, பாறை வழுக்கும் பார்த்து வான்னு சொன்னேன். பாதத்தைப் பக்கவாட்டுல வச்சு ஏறறேன்னா. மேல ஏறினா மூங்கில் காடுன்னேன்.

"அவ்வளவு உயரத்துல இந்த மூங்கில் வராது ஆண்ட்டி. அங்க வெறும் புல்லுதான். காத்து ஆளைத் தள்ளும்."

"என் காட்டுல வரும்."

"வராது."

"யாரு செத்தது? நானா நீயா?"

"சரி, மூங்கில். உள்ள நுழைய முடியல, குனிஞ்சு போறேன். உங்க கால் ஒரு கணுவுல மாட்டுது, எடுத்து விடறேன்."

அப்புறம் அட்டை கடிக்குதுன்னா. அட்டையா, நான் யோசிக்கவே இல்ல. எங்க கடிக்கும், எப்படி எடுக்கறதுன்னு கேட்டேன். சொன்னா. மழை நின்னப்புறம் மண்ணு எப்படி வாசனை வரும், அவங்கப்பா ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப டார்ச்சை எதுக்குத் தரையிலயே அடிச்சுட்டு வருவாரு, எல்லாம் சொன்னா. நான் கேட்டுக்கிட்டே வந்தேன். அவ தோள்ல தொங்கிட்டு வர்றவ வேற என்ன செய்வேன்?

அந்த எருமை பின்னாடியே தூரமா வருதுன்னேன்.

"அது வராது. அம்புச் சத்தம் கேட்ட மிருகம் அந்தப் பக்கமே திரும்பாது."

"வரும். நான் அதுக்காகத்தான் விழுந்தேன்."

எஸ்டேட்ல வளர்ந்தவளுக்கு அது பொய்யின்னு தெரியும். எனக்கும் தெரியும்னு வச்சுக்கங்களேன்.

"வருது. நான் நின்னா நிக்குது. நடந்தா நடக்குது"ன்னா.

வெளிய இருட்டிக்கிட்டு வந்துச்சு. லைட் போடணும்னு ரெண்டு பேருக்கும் தோணல. செழியன் வந்து கதவைத் திறந்துட்டு, எங்களைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டான். ஹெல்மெட்கூடக் கழட்டல.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

வான்மதி திரும்பிக்கூடப் பார்க்கல. "அத்தையைத் தூக்கிட்டுப் போயிட்டு இருக்கேன். நடுவுல பேசாத, வழி தவறிடும்."

அவன் செருப்பைக்கூடச் சத்தமில்லாம கழட்டிட்டு, சுவரோரமா தரையில உக்காந்தான். நாங்க மரத்தடிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் எழுந்துக்கல.

கல்யாணம் வைகாசியில நடந்துச்சு. அப்புறம் ரெண்டு பேருக்கும் கோயம்புத்தூர்லயே வேலை கிடைச்சுப் போயிட்டாங்க. அங்கயே வந்து இருன்னாங்க. நான் போகல. எனக்கு என் வீடு, என் தெரு. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை விளையாடப் போவேன், மத்த வாரம் கம்ப்யூட்டர்ல. பல்லடம் தாண்டினதும் போன் பண்ணச் சொல்லியிருக்கா வான்மதி, சிங்காநல்லூர்ல வந்து நிக்கறதுக்கு. ஸ்கூட்டர்ல வேகமா போவா, அதுவும் ஒரு சண்டைதான்.

புதுக் கேரக்டர் என்னன்னு கேட்டீங்களா? ட்ரூயிட்தான். வேற என்ன எடுப்பேன்? நொச்சியோட தங்கச்சி, பேரு தழுதாழை, அதுவும் நொச்சி மாதிரி ஒரு பச்சிலைதான். நான் சொன்னதும் செழியன் தலையில கை வச்சுக்கிட்டான். "மறுபடியும் ரெண்டு காட்டு ஆளாம்மா? ரெண்டும் ஒண்ணுதானே."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வான்மதி ஆரம்பிச்சுட்டா. ரெண்டும் எப்படி ஒண்ணாகும், ரேஞ்சர் ஊருக்கும் காட்டுக்கும் நடுவுல நிக்கறவ, ட்ரூயிட் காட்டுக்குள்ள இருந்து ஊரைப் பார்க்கறவ, ஒருத்திக்கு வழி தெரியணும், ஒருத்திக்கு வழியே வேணாம், ரெண்டு பேரும் இல்லாம அந்த எருமைக் கதை எப்படி நடந்திருக்கும்னு கேட்டா. பத்து நிமிஷம் பேசினா. செழியன் கையைத் தூக்கிட்டான்.

நான் நாலு வருஷமா சொன்னதைவிட நல்லாச் சொன்னா, அதை மறைக்க மாட்டேன். ஆனா நடுவுல, ட்ரூயிடுக்கு மனுஷங்கமேல பாசம் கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா. அது ரூல்லயே இல்ல. எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுன்னு புத்தகத்தை எடுத்து அவ முன்னாடி வச்சேன். அவ சிரிச்சுக்கிட்டே பக்கத்தைப் புரட்டறா. நான் விடல. தப்பாச் சொன்னா திருத்தணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.